தள்ளுபடிக்கு நான் கொடுத்த ஆடு

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் லோடு சீட்டில் மூட்டைக் கணக்கும், பேங்க் செலானில் என் பெயரும்தான். வரிகள் மேலே ஏறும், கீழே இறங்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். என் மனைவி எட்டாவது வரை படித்தவள். "குடுங்க, நான் பாத்துத் திருத்தித் தாரேன்" என்றாள். திருத்தினால் அது அவள் எழுதியதுபோல் ஆகிவிடும் என்று வேண்டாம் என்றேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

சபையில் எழுந்து பேச எனக்கு வராது. மொத்தமாக என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் எழுந்து பேசியிருக்கிறேன். அன்று பேசியதில் தப்பு இருந்தது. அதைச் சரிசெய்யத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். வண்டி என்னுடையது இல்லை. முதலாளியிடம் நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுவது. எரியோடு, குஜிலியம்பாறைப் பக்கம் போய் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் ஏற்றிவந்து விடியும் முன்னே மார்க்கெட்டில் இறக்குவேன். கொரோனாவுக்கு முந்தின வருஷம் என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. அதற்காக ஒரு தனியார் பேங்கில் எண்பதாயிரம் கடன் வாங்கினேன். கொஞ்ச மாதங்கள் தவறாமல் கட்டினேன். பிறகு ஊரை அடைத்தார்கள். மார்க்கெட்டை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், மூடினார்கள், திறந்தார்கள். வண்டி வாசலில் நின்றது. தவணையும் நின்றது.

கடன் வசூலுக்கு ஒரு தம்பி வருவான். கையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தெருவில் நின்றே பேசுவான், வீட்டுக்குள் வர மாட்டான். அவன் பைக் சத்தம் கேட்டால் நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன்.

"அவரு லோடுக்குப் போயிருக்காருப்பா" என்பாள் என் மனைவி.

"வண்டி இங்கன நிக்குதேக்கா. மூட்டைய முதுகுல தூக்கிட்டா போனாரு?"

எதிர்வீட்டில் சிரிப்பார்கள். நான் உள்ளே குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் யாரையும் பார்க்காமல் வெளியேறிவிடுவேன். கடன் கட்டாதவன் எப்படிப் பாட்டுப் பாடுவது என்று இருக்கும்.

இப்படியே இரண்டு வருஷம் போனது. வட்டியும் அபராதமும் சேர்ந்து அறுபத்தெட்டாயிரம் நின்றது. ஒருநாள் அந்தத் தம்பி வழக்கத்துக்கு மாறாக மெதுவாகப் பேசினான். "அண்ணே, நல்ல சேதி. முப்பதாயிரத்த ஒரே தடவையில கட்டுங்க. மிச்சம் முப்பத்தெட்டயும் பேங்க்ல தள்ளுபடி பண்றாங்க. இதுக்கு மேல நான் ஒங்க வாசப்படி பக்கம் வர மாட்டேன்."

என் மனைவி ஒரு வளையலை விற்றாள். முப்பதைக் கட்டினோம். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். இனிமேல் பாக்கி எதுவும் இல்லை என்று போட்டிருப்பதாக அங்கிருந்தவர் வாசித்துச் சொன்னார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நாங்கள் தினமும் சொல்கிற ஜெபத்தில், எங்கள் கடன்களை மன்னிக்க வேண்டும் என்று கேட்கிறோம். சிறு வயதிலிருந்து அர்த்தம் யோசிக்காமல் சொல்லிவந்தது, அன்றைக்கு எனக்கு அப்படியே நடந்துவிட்டதாக நினைத்தேன். குளியலறைக்குள் நின்று நான் செய்த ஜெபத்தை ஆண்டவர் கேட்டுவிட்டார், அந்தத் தம்பியின் மனத்தையும் பேங்க் மேனேஜரின் மனத்தையும் அவர்தான் இளக்கினார் என்று நம்பினேன். அங்கேயே ஒரு பொருத்தனை செய்தேன். வருகிற ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஓர் ஆடு கொடுப்பது என்று.

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை ஸ்தோத்திரப் பண்டிகை நடக்கும். விளைந்ததில், சம்பாதித்ததில் ஒரு பங்கைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்திலேயே எல்லாம் ஏலம் போகும். பூசணிக்காய், தேங்காய், சேவல், முட்டை, கேக் எல்லாம் வரும். ஆடு வருவது அபூர்வம். வளையல் விற்ற பணத்தில் மீதி இருந்த ஒன்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு அய்யலூர்ச் சந்தைக்குப் போனேன். ஆண்டவருக்குப் பொருத்தனை செய்த ஆடு என்று சொன்னால் விலை குறைப்பார் என்று நினைத்து வியாபாரியிடம் அதையும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "சாமிக்கு நேந்ததுன்னு மொதல்லயே சொல்லிட்டீக. இனி பேரம் பேசுனா சாமி கோவிச்சுக்காதா? எட்டாயிரத்த வச்சிட்டு ஓட்டிட்டுப் போங்க."

எட்டாயிரம் கொடுத்தேன். வீட்டில் என் மனைவி ஆட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "பேங்க்காரனுக்குப் பாதி, ஆண்டவருக்கு ஆடு. எனக்கு மொட்டக் கை." சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தாள்.

பண்டிகை அன்று போதகர் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே எழுந்து நின்றேன். "எனக்குப் பெரிய கடன் இருந்துச்சு. கட்ட வழியில்ல. ஜெபம் பண்ணேன். ஆண்டவர் பாதிக்கு மேல தள்ளுபடி பண்ண வச்சாரு. அவருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். அவ்வளவுதான். பெண்கள் பக்கத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்குள் ஆடு, படைப்பு மேசையில் இருந்த அரைக்கீரைக் கட்டைப் பாதி தின்றுவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். மாவு மில் வைத்திருக்கிற ஒருவர் ஆட்டைப் பதினோராயிரத்துக்கு ஏலம் எடுத்தார். அன்றைக்குப் பண்டிகைச் சாப்பாட்டுக்கு நான் முன் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதற்குப் பிறகு கடைசி பெஞ்சுக்குப் போகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஓர் ஆனி மாதத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவருக்குக் கண்ணில் புரை. ஓட்டவும் முடியாது, வண்டியைப் பார்த்துக்கொள்ளவும் முடியாது.

"ஏலே அப்பு, வண்டிய வித்துரப் போறேன். வெளிய மூணேகால் லட்சம் கேக்குறான். ஒனக்குன்னா மூணு. எட்டு வருஷமா நீதான ஓட்டுற, அதுக்கு எங்கன வலிக்கும்னு ஒனக்குத்தான தெரியும்."

அந்த வண்டியின் கிளட்ச் எப்போது இறுகும், மழையில் எந்த விளக்கு அணையும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நாள் வாடகை நானூறு ரூபாயை எட்டு வருஷம் கொடுத்திருக்கிறேன். அந்த நானூறு வீட்டுக்கு வந்தால் என்னவெல்லாம் ஆகும் என்று அன்றைக்கு வீடு வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். சீட்டுப் போட்டுச் சேர்த்த ஐம்பதாயிரம் எங்களிடம் இருந்தது. மீதிக்கு பேங்கில் கடன் கேட்கலாம் என்று போனேன். பழைய பேங்க் அல்ல, எங்கள் கணக்கு இருக்கிற அரசு பேங்க்.

கடன் பகுதியில் ஓர் அம்மா இருந்தார். என் ஆதார் அட்டையை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டினார்.

"அண்ணே, கடன ஒழுங்கா கட்டுறீங்களான்னு பாக்குற ஸ்கோரு ஒங்களுக்கு ஐநூத்தி எழுபத்தாறுதான் இருக்கு. எழுநூறாவது வேணும். பழைய லோன் ஒண்ணு செட்டில்மென்ட்ல முடிச்சிருக்கீங்களே?"

"ஆமாங்க. பாக்கி இல்லன்னு லெட்டர் இருக்கு. தள்ளுபடி பண்ணிட்டாங்க."

"தள்ளுபடி பண்ணா, நீங்க முழுசா கட்டலன்னு எழுதி வச்சிருவாங்கண்ணே. எந்த பேங்க்ல போயி கேட்டாலும் அதுதான் மொதல்ல தெரியும்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் கேட்டிருப்பார்கள். ஆண்டவர் செய்த காரியம் என்று நான் ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னது, இங்கே என் பெயருக்கு எதிராகக் கம்ப்யூட்டரில் நின்றுகொண்டிருக்கிறது. இதற்கு என்ன வழி என்று மெதுவாகக் கேட்டேன். விட்டுப்போன முப்பத்தெட்டாயிரத்தைப் பழைய பேங்கில் கட்டி, முழுவதும் கட்டி முடித்ததாகக் கடிதம் வாங்க வேண்டும். அவர்கள் அதைப் பதிவில் மாற்ற வேண்டும். பிறகு சின்னதாக ஒரு நகைக்கடன் வைத்து மாதாமாதம் ஒரு நாள்கூடத் தவறாமல் கட்ட வேண்டும். "ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும்ணே. ஆனா ஏறிரும்" என்றார் அந்த அம்மா.

முதலாளியிடம் சொன்னேன். அவர் தை வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னார். "இல்லாட்டி பைனான்சுல எடுத்துக்க. கையில இருக்குற அம்பதக் கட்டுனா அவன் ஸ்கோரு கீரு எதயும் பாக்க மாட்டான். வட்டிதான் கொல்லும்" என்றார்.

என் மனைவி அதைத்தான் செய்யச் சொன்னாள். "கேக்காத கடன எவனாச்சும் கட்டுவானா? வண்டிய எடுங்க. வட்டியோட வட்டியா ஓட்டிக்கிருவோம்." எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. திங்கட்கிழமை பைனான்சுக்குப் போவது என்று முடிவு செய்தோம்.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், சபையில் இருக்கும் ஒரு சகோதரி எங்கள் வீட்டுக்கு வந்தார். நூல் மில்லில் வேலை பார்க்கிறவர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள். நர்சிங் படிக்க அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்து, கல்விக் கடன் கேட்டுப் போயிருக்கிறார்கள். கிடைக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலண்ணே" என்றார். "நீங்க ஆட்டோட நின்னு சாட்சி சொன்னீங்கள்ல, அதக் கேட்டுத்தான் நானும் ஜெபம் பண்ணி, எம் பழைய லோன செட்டில்மென்ட் பண்ணேன். பதினோராயிரம் தள்ளுபடி ஆச்சு. நானும் காணிக்க போட்டேன். இப்ப அதுனாலதான் தர முடியாதுங்குறாக. ஒங்களுக்கும் இப்படி ஆச்சாண்ணே? இல்ல, என்னோட விசுவாசத்துலதான் ஏதும் கொறையா?"

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். குற்றம் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் மனைவி காப்பி போடப் போனவள் அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். எனக்கும் அப்படித்தான் ஆகியிருக்கிறது, நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றேன்.

பேங்க் என்னை மன்னிக்கவே இல்லை. இனி இவனிடமிருந்து வராது என்று என்னை எழுதி ஒதுக்கியது. அதை ஆண்டவருடைய மன்னிப்பு என்று சபைக்கு நடுவே நான் சொன்னேன். அவர் ஒரு மனிதனை மன்னித்தால் அவன் பெயருக்கு நேரே இப்படி எழுதிவைப்பாரா? இந்த யோசனையெல்லாம் எனக்கு முன்பே வந்திருக்க வேண்டும். ஸ்கோர் ஏறுவதற்காக ஜெபிக்கலாமா என்று போதகரிடம் கேட்க நினைத்து, வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். நான் வாங்கிய எண்பதாயிரம் யாரோ ஒருவருடைய பணம், அதில் என் மனைவி பிழைத்து எழுந்தாள். இது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது.

சாயங்காலம் என் மனைவிதான் பேச்சை எடுத்தாள். "அந்தப் பிள்ளைக்கு வழி இருக்கா இல்லையான்னு யாராச்சும் கட்டிப் பாத்தாத்தான தெரியும்" என்றாள். திங்கட்கிழமை நான் பைனான்சுக்குப் போகவில்லை.

கட்டாத கடனைக் கட்டுவது இவ்வளவு கஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. பழைய பேங்கில் முதல்முறை போனபோது அந்தக் கணக்கே மூடியாகிவிட்டது, பணம் வாங்க முடியாது என்றார்கள். இரண்டாம் முறை மதுரை அலுவலகத்துக்கு எழுதச் சொன்னார்கள். மூன்றாம் முறை மேனேஜர் விடுமுறை. ஒவ்வொரு முறையும் பணத்தை உள்சட்டைப் பையில் ஊக்குக் குத்தி எடுத்துக்கொண்டு போய், அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். நான்காம் முறை போனபோது ஒரு மேசைக்குப் பின்னால் அந்த வசூல் தம்பி உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான்.

"என்னண்ணே, நான் தேடி வந்தப்ப பாத்ரூமுக்குள்ள ஒளிஞ்சீங்க. இப்ப வேணாம்னாலும் கட்டுவேன்னு தொரத்துறீங்க?"

நான் குளியலறைக்குள் இருந்தது அவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"குழா சத்தம் தெரு வரைக்கும் கேக்கும்ணே. அம்புட்டு நேரம் ஒரு மனுசன் குளிப்பானா?"

இருவரும் சிரித்துவிட்டோம். அவனே மதுரைக்குப் போன் போட்டான், விண்ணப்பம் எழுதினான், நான் கையெழுத்து மட்டும் போட்டேன். பதினைந்து நாளில் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். புதுக் கடிதம் வர இன்னும் ஒரு மாதம் ஆனது. அந்தச் சகோதரியிடம் வழி இருக்கிறது என்று சொல்லி, யாரைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதற்குள் அந்த வருஷத்துச் சேர்க்கை முடிந்துவிட்டது. பிள்ளை அம்மாவோடு மில்லுக்குப் போனது. காலையில் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது மில் பஸ்ஸின் ஜன்னலில் அந்தப் பிள்ளையைச் சில நாள் பார்ப்பேன். எனக்கு வணக்கம் சொல்லும். நான் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவேன்.

என் மனைவியின் தோடுகளை அரசு பேங்கில் அடகு வைத்துப் பத்தாயிரம் வாங்கினோம். அவசியத்துக்காக அல்ல, ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று காட்டுவதற்காக. தேவையில்லாமல் கடன் வாங்கி, அதே பணத்தை எடுத்து எடுத்து அதற்கே கட்டுவது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி லோடு இறக்கிய கையோடு, பேங்க் திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நிற்பேன். காதில் ஈர்க்குச்சி செருகிக்கொண்டு கோயிலுக்கு வருவாள் என் மனைவி. யாராவது கேட்டால், "தோடு பேங்க்ல வேல பாக்குது" என்பாள்.

தை வந்தது. ஸ்கோர் அறுநூற்று இருபதுதான். முதலாளி சொன்ன சொல்லுக்கு மேலேயே ஒரு மாதம் பொறுத்தார். மாசியில், ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி வியாபாரி முழுப் பணத்தோடு வந்தார். முதலாளிக்குக் கண் ஆபரேஷன் செய்ய வேண்டும்.

"அப்பு, நீயே கொண்டு போயி விட்டுட்டு வாரியா? வேற எவனும் ஓட்டுனா எனக்கு மனசு கேக்காது" என்றார்.

கடைசியாக அதை நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். போவதற்கு முன் கழுவி, பின்பக்கம் ஒட்டியிருந்த முருங்கைச் சருகைக் கூட்டி எடுத்தேன். கண்ணாடிக்கு மேலே நான் தொங்கவிட்டிருந்த சின்னச் சிலுவையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஒட்டன்சத்திரத்தில் வியாபாரி வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க, ரெண்டாவது கியரு போடறப்ப ஒரு சத்தம் வருதுங்களே?"

"அது அப்படித்தாங்க. கிளட்ச முழுசா மிதிச்சிட்டு ஒரு நொடி பொறுங்க. வராது."

"நீங்களே வாங்கியிருக்கலாமுங்களே. இத்தன பாத்துப் பாத்து வெச்சிருக்கீங்க."

"வாங்க முடியலீங்க" என்றேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வெறும் கையோடு பயணம் செய்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கோபம் கொஞ்ச தூரம் இருந்தது. பிறகு தூங்கிவிட்டேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் தட்டி எழுப்பினார்.

இப்போது வேறு ஒருவருடைய வண்டியை ஓட்டுகிறேன். நாள் வாடகை ஐந்நூறு. அந்தச் சகோதரிக்குக் கட்ட வேண்டிய தொகை சின்னது. மூன்று தவணையில் கட்டி முடித்தார். அவருக்குப் பதிவு என்னைவிடச் சீக்கிரம் மாறியது. இந்த வருஷம் கடன் கிடைத்துப் பிள்ளை நர்சிங் சேர்ந்துவிட்டது. சொல்ல வந்தபோது லட்டு கொண்டுவந்தார். எனக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் பொறாமையும் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இதுவும் பாதிச் சாட்சி ஆகிவிடும்.

என் ஸ்கோர் அறுநூற்று எழுபத்தெட்டு. போன ஒன்றாம் தேதி பேங்க் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாளுதாண்ணே. விட்றாதீங்க" என்றார். விடவில்லை. ஏறினாலும் வாங்க அந்த வண்டி இல்லை. வேறு வண்டி பார்க்க வேண்டும். அதற்கு முன்பணம் மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது ஆகிறது. இடுப்பு வலிக்கிறது.

நாளைக்கு ஸ்தோத்திரப் பண்டிகை. போதகரிடம் போய், அன்றைக்கு ஆட்டோடு நின்று நான் சொன்ன சாட்சியில் ஒரு திருத்தம் இருக்கிறது என்றேன். எழுந்து சொல்லச் சொன்னார். என்னால் முடியாது ஐயா, எழுதித் தருகிறேன், நீங்கள் வாசியுங்கள் என்றேன். அதற்கே நான்கு சனிக்கிழமைகளைக் கடத்திவிட்டேன். இந்தமுறை ஆடு இல்லை. ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுபோகிறேன். அதற்குப் பணம் கொடுத்துவிட்டுத்தான் ஏற்றினேன்.

சபையில் யாருக்காவது பேங்கிலிருந்து பாதி கட்டினால் போதும் என்று போன் வந்திருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னை வந்து பாருங்கள். எனக்குப் பேச வராது. ஆனால் கூட வந்து வரிசையில் நிற்பேன்.

எழுதி முடித்தது அக்டோபர் 18, சனிக்கிழமை.